அரை டாங்க் பெட்ரோல்

முக்காளி தாண்டியதும் கார் ஒரு தடவை இருமியது. அஸ்ஸைனார் அது காதில் விழாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டிக்கொண்டிருந்த மருமகன் நௌஃபலும் எதுவும் கேட்காதவன் மாதிரிதான் இருந்தான். மாமனாரும் மருமகனும் இப்படி நாகரிகமாக நடித்துக்கொண்டே குஞ்ஞிப்பள்ளியையும் தாண்டிவிட்டார்கள். அழியூரில் ஒரு டீக்கடைக்கு முன்னால் கார் இன்னும் கொஞ்சம் குலுங்கி, இனிமேல் என்னால் ஆகாது என்று நின்றுவிட்டது.

"பெட்ரோல் தீர்ந்துருச்சு, உப்பா."

"தெரியுது."

"வடகரையிலயே லைட் எரிய ஆரம்பிச்சுது."

"அதையும் பார்த்தேன்."

"பார்த்தீங்கல்ல, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வண்டி உன்னோடது. ஸ்டியரிங் வளையம் உன் கையில. நான் சொல்லணுமா?"

வடகரையில் பங்க்குக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு பங்க்காக வந்தபோதும் இருவர் கண்ணும் அதன் மேல் விழுந்து, உடனே விலகியது. முன்னால் மாஹி இருக்கும்போது வடகரையில் பெட்ரோல் போடுவதாவது! மாஹி ஒரு கைக்குட்டை அளவு ஊர். கேரளாவுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பாண்டிச்சேரிச் சட்டம் பேசும். அங்கே வரி குறைவு, பெட்ரோலும் மலிவு. வடகரைக்கும் தலசேரிக்கும் நடுவே குடியிருப்பவன் ஒருவன் வேறு ஊரில் டாங்கை நிரப்பினால், அவன் வீட்டில் ஏதோ அவசரம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மாஹியில் மலிவாகக் கிடைக்கிற இன்னொரு சமாச்சாரம் உண்டு. அது அஸ்ஸைனாருக்கு ஆகாதது, அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

வடகரையில் அவர் வாயைத் திறக்காததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அவர் மனம் அப்போது பெட்ரோலில் இல்லை. பய்யோளியில் தங்கை கைசுவின் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு ஆனதும் கைசு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஓர் அறையைக் காட்டினாள். சுவருக்குப் புதுப் பெயிண்ட், புதுக் கட்டில், பள்ளிவாசல் பக்கம் பார்த்த ஜன்னல். "அடுத்த மாசம் பிறந்ததும் வந்துரு, இக்காக்கா. இன்னும் எத்தனை நாள் அங்க இருப்பே? ஊர் என்ன பேசும்?" என்றாள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

இதை இன்றைக்கு மகள் ஷெறீனாவிடம் சொல்லியாக வேண்டும். மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. நௌஃபலிடம் சொன்னால் அவன் அவளிடம் சொல்லிவிடுவான். மாஹியில் பெட்ரோல் போட்டுவிட்டு, பாலம் தாண்டியதும் பேச்சை எடுக்கலாம் என்று பய்யோளியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். கார் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

டீக்கடைக்காரர் நாணு வெளியே எட்டிப் பார்த்தார். காரைப் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார், உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாஹியா?"

"மாஹிதான்," என்றார் அஸ்ஸைனார்.

"ஓரமாத் தள்ளி விட்டுட்டு வந்து உட்காருங்க. என் கடை ஓடுறதே உங்கள மாதிரி ஆளுங்களாலதான். காலையில ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து நின்னுச்சு. மணமகனும் சேர்ந்து தள்ளுனான், பாவம்."

நௌஃபல் இறங்கினான். "உப்பா, நீங்க இந்தப் பக்கம் வந்து வளையத்தப் பிடிங்க. நான் தள்றேன்."

அஸ்ஸைனார் இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மனைவி ஜமீலா இறந்துபோனதிலிருந்து அவர் வண்டி ஓட்டவில்லை. கண் சரியில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு வளையத்தைப் பிடித்ததும், பின்னாலிருந்து ஒருவன் தள்ளத் தள்ள வண்டி மெதுவாக நகர்ந்ததும், அவருக்குப் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. அன்றைக்கெல்லாம் இதே சாலையில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் ஜமீலா. பின்னால் நின்று தள்ளியவர் அவர்.

அப்போது அவரிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. அஜ்மானில் கஃபட்டேரியா நடத்தி, விடுமுறைக்கு வந்தபோது வாங்கியது. கோழிக்கோட்டுக்குப் போனாலும் கொயிலாண்டிக்குப் போனாலும் திரும்பும்போது பெட்ரோல் மாஹியில்தான். பெட்ரோல் முள் தரையைத் தொடும், ஜமீலா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "தாங்கும், தாங்கும்" என்பாள். பல தடவை தாங்கும். சில தடவை தாங்காது. தாங்காத நாட்களில் அவர் இறங்கித் தள்ள வேண்டும், அவள் வளையத்தைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் தலையில் போட்டிருந்த பட்டுத் தட்டத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெரிய லாரி டிரைவர் கணக்காக நிமிர்ந்து உட்காருவாள்.

"கொஞ்சம் தெம்பாத் தள்ளுங்க! கஃபட்டேரியாவுல சாயா குடிச்சே வளர்ந்த உடம்பா இது?"

"நீ இறங்கிக்கிட்டா பாதி பாரம் குறையும்டீ."

"நான் இறங்கினா வண்டி எங்க போகும்னு வண்டிக்கே தெரியாது. தள்ளுங்க, பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

ஒரு தடவை அவள் வளையத்தைத் தவறாக ஒடித்து வண்டியை மீன்காரியின் கூடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மீன்காரி வாய்க்கு வந்தபடி ஏசினாள். அந்தக் கூடை அயலையை முழுசாக வாங்கிக்கொண்டுதான் அன்றைக்கு வீடு திரும்ப முடிந்தது. வண்டிக்குள் மீன் வாசனை போக ஒரு மழைக்காலம் ஆனது.

"உப்பா, பிரேக்! பிரேக்கப் பிடிங்க!"

நௌஃபலின் சத்தம் கேட்டு அஸ்ஸைனார் காலை அழுத்தினார். கார் டீக்கடைப் பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார்கள்.

"என்ன உப்பா, கண்ணு நெசமாவே தெரியலையா?"

"தெரியுதுடா. நல்லாவே தெரியுது."

நாணு ஓர் ஆட்டோக்காரனைக் கூப்பிட்டார். ஸஜீவன் என்று பெயர். நின்றுபோன வண்டிகளுக்கு மாஹியிலிருந்து பெட்ரோல் வாங்கிவருவது அவனுக்குப் பக்கத் தொழில். "கேன் இருக்கா?" என்று கேட்டான். "இல்லேன்னா என் கேன் தர்றேன், ஆனா அதுல மண்ணெண்ணெய் வாசம் வரும்."

நௌஃபல் டிக்கியைத் திறந்து பார்த்தான். "உப்பா, ஒரு கேன் இருக்கு. அரிசிச் சாக்குல சுத்தி வெச்சிருக்கு."

அஸ்ஸைனார் இறங்கிப் போய்ப் பார்த்தார். வெளுத்துப்போன நீல நிறக் கேன். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் கட்டிய புனல். பழைய சர்பத் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிச் செய்த புனல் அது. விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க மெழுகுவர்த்தியில் சுட்டு மடக்கியிருந்தது. அந்த மடிப்பு ஜமீலாவின் கைவேலை. ஃபியட்டிலிருந்து மாருதிக்கு, மாருதியிலிருந்து அடுத்ததற்கு என்று வண்டி மாறும்போதெல்லாம் இந்தக் கேனும் குடிமாறும். ஆனால் இந்தக் கார் ஜமீலா போன பிறகு நௌஃபல் வாங்கியது.

"இத யாரு இங்க வெச்சா?"

"வேற யாரு, ஷெறீனாதான். வண்டி வந்த அன்னைக்கே வெச்சுட்டா. தண்ணி கேன்னு நெனச்சு நான் எடுத்து வெளிய போட்டேன். அதுக்கு ஒரு நாள் முழுக்க எங்கூட பேசல. 'உப்பா ஏறுற வண்டியில இது இல்லாம இருக்கக் கூடாது'ன்னா. என்னான்னு கேட்டா சொல்லவும் இல்ல."

அஸ்ஸைனார் கேனை வாங்கி, புனலைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, கேனை ஸஜீவனிடம் கொடுத்தார். ஆட்டோ மாஹியைப் பார்த்துப் பறந்தது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்ததும் நாணு இரண்டு சுலைமானிச் சாயா கொண்டுவந்து வைத்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று அஸ்ஸைனாருக்குப் பட்டது. பாலம் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன. ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நௌஃபலே, நான் அடுத்த மாசத்துல இருந்து கைசு வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

நௌஃபல் தன் கிளாஸை எடுத்தான். "தெரியும்," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"உள்ள போயி கை கழுவுறப்ப புதுப் பெயிண்ட் வாசம் அடிச்சுது. எனக்கு மூக்கு இல்லையா, உப்பா? புதுக் கட்டிலையும் பார்த்தேன். கைசும்மாயி வீட்டுல இனி யாரு கல்யாணம் பண்ணப் போறா? அங்கேர்ந்து வடகரை வரைக்கும் எனக்குச் சாலையே கண்ணுல படல. லைட் எரிஞ்சுது, எரியட்டும்னு விட்டுட்டேன்."

"பங்க்குல நிறுத்தியிருக்கலாமேடா."

"நிறுத்தினா சட்டுனு வீட்டுக்குப் போயிருப்போம். வீட்டுக்குப் போயிட்டா நீங்களும் பேச மாட்டீங்க, நானும் பேச மாட்டேன். பொம்பளைங்கதான் பேசுவாங்க."

அஸ்ஸைனாருக்குச் சிரிப்பு வந்தது. அது உண்மைதான். தலசேரியில் தெக்கேக்கண்டி வீடு பெண்களின் வீடு. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று இறங்கிவந்த வீடு. ஆண்பிள்ளைகள் கல்யாணமாகி வேறு வீடுகளுக்குப் போவார்கள். அந்த வீட்டுக்கு வருகிற ஆண் புதியாப்பிளையாகத்தான் வருவான், மனைவியின் அறைக்கு. தாடி நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவனுக்கு அங்கே புதியாப்பிள என்றுதான் பெயர். முதல் தட்டு அவனுக்கு. மீனின் நல்ல துண்டு அவனுக்கு. அடுக்களைப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்கக் கூடாது, வெளியிலிருந்து வரும்போது கையை வீசிக்கொண்டு வரக் கூடாது. ஆயுள் முழுக்க விருந்தாளி.

"பாரு, மோனே," என்றார் அஸ்ஸைனார். "விருந்தாளியைக் கூப்பிட்டவ இருக்கிற வரைக்கும்தான் விருந்து. அவ போயிட்டா. ஜமீலாவோட தங்கச்சி மவுத்தானப்ப அவ புருஷன் போக்கர் என்ன பண்ணினான்? நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச மறுநாள் காலையில பெட்டியை எடுத்துக்கிட்டு அவன் கூடப்பிறந்த பெங்கள் வீட்டுக்குப் போயிட்டான். அதுதான் முறை. நான் வருஷம் தாண்டியும் உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கும் எனக்குத்தான் முதல் தட்டு. என் மக தட்டோட நிக்கிறா, அவ உம்மா நின்ன மாதிரி. எனக்குச் சோறு இறங்கல. மாடியில அந்தப் பெரிய அறையில நான் ஒத்தையாப் படுத்துக்கிடக்கேன், நீங்க பிள்ளைங்களோட சின்ன அறையில இடிச்சுக்கிட்டு. பள்ளிவாசல்ல கேக்கிறாங்க, 'என்ன அஸ்ஸைனாரே, இன்னும் அங்கதானா?'ன்னு."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் லேசானது. கூடவே வெறுமையாகவும் ஆனது. நௌஃபல் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உப்பா, நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கா?"

"ஏன்?"

"பட்டினி கிடந்தேனே, அது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

அஸ்ஸைனார் வாய்விட்டுச் சிரித்தார். மறக்க முடியுமா? மேசை நிறையப் பதார்த்தம். பத்திரி, முட்டைமாலை, நெய்ச்சோறு, பொரித்த கல்லுமக்காய். சுற்றிலும் பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று ஒரு பட்டாளம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். புது மாப்பிள்ளை பெருந்தீனிக்காரன் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்று நௌஃபல் ஒவ்வொன்றிலும் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். இளைத்துத் துரும்பாகிப்போனான். நாலாம் நாள் அஸ்ஸைனார் எல்லாருக்கும் கேட்கும்படி, "நௌஃபலே, வண்டியில பெட்ரோல் இல்ல, மாஹி வரைக்கும் வர்றியா?" என்றார். மாஹியில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்து, அவன் போதும் என்று சொல்கிற வரை பரோட்டாவும் மாட்டிறைச்சியும் வாங்கிப் போட்டார். அவன் போதும் என்று சொல்ல வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'பெட்ரோல் போடப் போறோம்' என்பது இரண்டு புதியாப்பிளைகளின் ரகசியச் சொல்லாகிவிட்டது.

"அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போகலேன்னா நான் எங்க உம்மா வீட்டுக்கே ஓடியிருப்பேன்," என்றான் நௌஃபல்.

"நான் எங்கடா கூட்டிட்டுப் போனேன். ஜமீலாதான் சொன்னா. 'அந்தப் பையனுக்குப் பெட்ரோல் தீர்ந்துருச்சு, போயி நிரப்பிக் கொண்டாங்க'ன்னு."

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம அந்த வீட்டுல ஒரு ஈ பறக்குமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நௌஃபல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவன் குரல் மாறியிருந்தது.

"போக்கர்க்காவுக்குப் பெங்கள் இருந்தாங்க, போனாரு. உங்களுக்குக் கைசும்மாயி இருக்காங்க, கட்டில் வாங்கிப் போட்டிருக்காங்க. எனக்கு யாரு இருக்கா, உப்பா? நாங்க அஞ்சும் ஆம்பளைங்க. அஞ்சு பேரும் அஞ்சு வீட்டுல புதியாப்பிள. எங்க உம்மா மவுத்தானதும் அந்த வீட்டையும் வித்தாச்சு. நாளைக்கு ஷெறீனாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அல்லாஹ் காப்பாத்தணும், நான் பெட்டியை எடுத்துக்கிட்டு எந்த வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

இப்படி ஒரு கோணம் இருப்பது அதுவரை அஸ்ஸைனாரின் புத்திக்கு எட்டவே இல்லை.

"முறை முறைங்கிறீங்க. போக்கர்க்கா போனாரு, அது முறையாச்சு. இப்ப நீங்களும் போயிட்டா கல்லுல வெட்டின மாதிரி ஆயிடும். நீங்க இருந்தீங்கன்னு வைங்க, 'அஸ்ஸைனார்க்கா கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தாரு'ன்னு நாளைக்கு நானும் சொல்லிக்கலாம்ல? எனக்கு அந்தப் பெரிய அறை வேணாம், உப்பா. நீங்க இருந்த அறைன்னு ஒண்ணு இருந்தாப் போதும். அந்தப் பட்டாளத்துக்கு நடுவுல என்னைய ஒத்தையா விட்டுட்டுப் போகாதீங்க."

அஸ்ஸைனாரின் கை மடியில் கிடந்த புனலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் தான் மட்டும்தான் அந்த வீட்டில் விருந்தாளி என்று நினைத்திருந்தார். அந்த விருந்தாளியை நம்பி ஒரு விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவர் முயற்சி செய்யவில்லை. நாணு பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸஜீவன் வந்து சேர்ந்தான். "ரெண்டு பேரும் இங்க அழுதுக்கிட்டு இருக்கீங்களா? பெட்ரோலுக்கா? மாஹியில நெறைய இருக்கு, கவலப்படாதீங்க," என்று கேனை நீட்டினான்.

அஸ்ஸைனாரே புனலைப் பிடித்தார். நௌஃபல் ஊற்றினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஜமீலா செய்த புனலுக்கு அந்தக் குணம் உண்டு. கேனை அரிசிச் சாக்கில் சுற்றித் திரும்ப டிக்கியில் வைத்ததும் அவர்தான். நௌஃபல் சாவியைப் போட்டதும் கார் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது.

மாஹிக்குள் நுழையும்போது மஃரிப் பாங்கு கேட்டது. பள்ளியில் தொழுதுவிட்டு, ஆற்றோரமாக வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொன்னார் அஸ்ஸைனார். அந்த ஆற்றோரத்தில் ஃபியட்டை நிறுத்திவிட்டு அவரும் ஜமீலாவும் வேர்க்கடலை தின்றிருக்கிறார்கள். அத்தனை பெண்கள் நிறைந்த வீட்டில் பகலில் புருஷனும் மனைவியும் உட்கார்ந்து பேச முடியாது. மனம்விட்டுப் பேசச் சிரிக்க, ஏன், சண்டை போடக்கூட அவர்களுக்கு வாய்த்த ஒரே இடம் அந்தக் கார்தான். அதனால்தான் ஜமீலா எப்போதும் டாங்கை நிரப்ப விடமாட்டாள். பங்க்குக்காரன் முழுசாகப் போடட்டுமா என்று கேட்டால் அவர் வாயைத் திறக்கும் முன்னால் அவள் முந்திக்கொள்வாள். "பாதி போதும். முழுசாப் போட்டுட்டா அப்புறம் எதச் சொல்லிட்டு வீட்டைவிட்டு வெளிய வர்றது?" என்று பிறகு அவர் காதில் சொல்லுவாள். அவர் அஜ்மானுக்குத் திரும்பிப் போகிற தினத்துக்கு முந்தின தினம் மட்டும் முழுசாகப் போடச் சொல்லுவாள். அன்றைக்கு வீடு வரும்வரை பேசமாட்டாள்.

பங்க்கில் கூட்டம். அவர்கள் முறை வந்ததும் பையன் மூடியைத் திறந்துகொண்டே கேட்டான், "முழுசாப் போடட்டுமா?"

நௌஃபலின் கை வளையத்தின் மேலேயே இருந்தது. திரும்பி மாமனாரின் முகத்தைப் பார்த்தான்.

"பாதி போதும்," என்றார் அஸ்ஸைனார். "அடுத்த வாரம் பெட்ரோல் போட வரணும்ல, மோனே."